பழைய புரொஜெக்டரில் படம் மங்கலாகத் தெரிகிறதா? புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

“லேம்ப் போயிடுச்சு சார். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்!”

சர்வீஸ் கடையில் இப்படிச் சொன்னதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. 2013-ல் போனஸ் பணத்தில் ஆசை ஆசையாக வாங்கிய ஹோம் தியேட்டர் புரொஜெக்டர் அது. டி.வி-யில் எழுத்து சரியாகத் தெரியாத பாட்டிக்கு, ஹால் சுவர் முழுக்க விரியும் அந்தப் படம்தான் ஞாயிற்றுக்கிழமை கொண்டாட்டம். சில மாதங்களாகப் படம் வெளுத்துப்போய், முகங்கள் எல்லாம் பச்சை பூத்துத் தெரிந்தன.

வீட்டுக்குத் திரும்பியதும் மெனுவைத் திறந்து லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தோம். 1,460 மணி நேரம். கையேட்டில் போட்டிருந்த ஆயுள் 4,000. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றினோம். கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருந்தது!

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு புரொஜெக்டர் தூங்குகிறதா? பணத்தை எடுத்து வைக்கும் முன் ஒரு ஞாயிறு மதியத்தை மட்டும் ஒதுக்குங்கள்.

முதலில் லேம்ப் கணக்கு

பழைய புரொஜெக்டர்களில் பெரும்பாலும் இருப்பது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. ‘ஆயுள் 4,000 மணி நேரம்’ என்றால் அதன்பிறகு அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கும் என்பதுதான் பொருள். முதல் சில நூறு மணி நேரத்தில் வெளிச்சம் வேகமாகக் குறையும். அப்புறம் நிதானமாக இறங்கும்.

மெனுவில் ‘இன்ஃபர்மேஷன்’ அல்லது ‘லேம்ப் ஹவர்ஸ்’ என்ற பகுதியில் இந்த எண் இருக்கும். ஆயுளில் பாதிகூட ஆகவில்லை என்றால், அவசரப்பட்டு லேம்ப் மாற்ற வேண்டாம். ஆயுளைத் தாண்டி வெகுநாளாக ஓடுகிறது என்றால் தள்ளிப்போடவும் வேண்டாம். வயதான லேம்ப் வெடிக்கும் வாய்ப்பு அதிகம்.

தூசிதான் முதல் எதிரி

சாம்பிராணி, ஊதுபத்திப் புகை, சமையலறையில் தாளிக்கும் எண்ணெய்ப் புகை... எல்லாம் லென்ஸிலும் ஃபில்டரிலும்தான் போய் உட்காரும். ஃபில்டர் அடைத்தால் உள்ளே சூடு ஏறும். ஃபேன் சத்தம் கூடும், படமும் கெடும்.

பிளக்கைப் பிடுங்கி, மெஷின் நன்றாக ஆறிய பிறகு ஃபில்டரைக் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீரில் கழுவலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஃபில்டரும் கழுவத்தக்கதல்ல. கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது. சில டி.எல்.பி. மாடல்களில் ஃபில்டரே இருக்காது. அவற்றில் காற்றுத் துவாரங்களை வெளியிலிருந்து துடைத்தால் போதும்.

லென்ஸுக்கு, முதலில் கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் புளோயரால் தூசியை ஊதுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். சட்டை நுனி, முந்தானை வேண்டவே வேண்டாம், கீறல் விழும்.

இருட்டுதான் பாதிப் படம்

புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அறையில் டியூப் லைட் எரிந்தால் அந்த இடம் வெள்ளைச் சுவராகவே தெரியும். இரவுக் காட்சி முழுவதும் சாம்பல் பூசிவிடும். புதுசாக எந்த லேம்ப் போட்டாலும் இது சரியாகாது.

ஜன்னலுக்கு அடர்நிறத் தடிமன் திரை போடுங்கள். கதவு இடுக்கு, பூஜையறை சீரியல் பல்பு, மோடத்தின் மினுக்கு விளக்கு என எல்லாவற்றையும் கவனியுங்கள். ஸ்கிரீனில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் வெள்ளைச் சுவர்களில் மோதி ஸ்கிரீனுக்கே திரும்பி வரும். அதனால் ஸ்கிரீனை ஒட்டிய பக்கச் சுவர்களில் ஓர் அடர்நிறத் துணியைத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

வேட்டியைக் கட்டிப் படம் பார்ப்பது ஜாலிதான். ஆனால், வெளிச்சத்தில் ஒரு பங்கு துணியைத் தாண்டிப் பின்னால் போய்விடும். அதற்குப் பதில் பளபளப்பு இல்லாத மேட் வெள்ளை பெயின்ட் அடித்த வழவழப்பான சுவர் எவ்வளவோ மேல். படத்தைச் சுற்றிக் கறுப்பு பார்டர் வைத்தால் நிறங்கள் எடுப்பாகத் தெரியும்.

சின்னதாக்கினால் பளிச்!

100 அங்குலப் படத்தை 80 அங்குலமாக்கினால் பரப்பு 64 சதவிகிதமாகிவிடும். அதே வெளிச்சம் குறைந்த இடத்தில் விழுவதால், படம் ஒன்றரை மடங்குக்கும் மேல் பிரகாசமாகும். பைசா செலவில்லாத லேம்ப் மாற்றம் இது!

இன்னொரு கணக்கும் உண்டு. தியேட்டர் திரைக்கான சர்வதேச அளவே சதுர மீட்டருக்கு 48 கேண்டலாதான். புதிதில் 2,000 லூமென்ஸ் தந்த புரொஜெக்டர், லேம்ப் தேய்ந்து, சினிமா மோடிலும் வைத்து 500 லூமென்ஸுக்கு இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 100 அங்குலச் சாதாரண வெள்ளை ஸ்கிரீனில் ஏறத்தாழ 58 கேண்டலா கிடைக்கும். நல்ல இருட்டில் அது தாராளம்.

நேராக வையுங்கள்

ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு, கோணலை ‘கீஸ்டோன்’ பட்டனால் சரிசெய்வதுதான் எல்லோரும் செய்வது. ஆனால், கீஸ்டோன் படத்தைச் சுருக்கி மறுபடி வரைகிறது. பிக்சல்கள் வீணாகும், எழுத்துகளின் கூர்மை போய்விடும். கீஸ்டோனை பூஜ்ஜியத்தில் வையுங்கள். லென்ஸ் ஸ்கிரீனுக்கு நேராக இருக்கும்படி மெஷினை நகர்த்துங்கள். ‘லென்ஸ் ஷிஃப்ட்’ வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அதில் பிக்சல் இழப்பு இல்லை. ஐந்து, பத்து நிமிடம் ஓடி சூடான பிறகு ஃபோகஸ் செய்யுங்கள்.

மெனுவில் மாற்ற வேண்டியவை

பிக்சர் மோடு: ‘டைனமிக்’, ‘பிரைட்’ மோடுகளில் வெளிச்சம் அதிகம், முகமோ பச்சையடிக்கும். ‘சினிமா’ அல்லது ‘மூவி’ வையுங்கள். கலர் டெம்பரேச்சர் 6500.

பிரைட்னஸ்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது கறுப்பின் அளவு. இரவுக் காட்சியில் படத்தை நிறுத்தி, கறுப்பு சாம்பலாகாமல், அதேநேரம் தலைமுடி இழைகள் தெரியும் இடத்தில் வையுங்கள்.

கான்ட்ராஸ்ட்: இது வெள்ளையின் அளவு. நாயகனின் வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிய வேண்டும். வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் குறையுங்கள்.

ஷார்ப்னஸ்: சப்டைட்டில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால், அது மறையும்வரை குறையுங்கள்.

இவ்வளவு செய்தும் கறுப்பு வெளுத்தோ, இருட்டு மொத்தமாக அப்பியோ தெரிந்தால், எச்.டி.எம்.ஐ. ரேஞ்ச் ‘ஃபுல்’, ‘லிமிடெட்’ என்பது இரண்டு கருவியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டிக்கிலும் கோளாறு இருக்கலாம்

பழைய புரொஜெக்டரின் சொந்த ரெசல்யூஷன் 720பி-யா, 1080பி-யா எனத் தெரிந்துகொண்டு, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கின் டிஸ்ப்ளே செட்டிங்கில் அதையே தேர்ந்தெடுங்கள். எச்.டி.ஆர். என்பதை அணைத்துவிடுங்கள், அதைப் புரிந்துகொள்ளாத மெஷினில் நிறம் சாயம்போனதாகத் தெரியும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் ‘ஓவர்ஸ்கேன்’ ஆஃப். சில ஓ.டி.டி. திட்டங்களில் படத்தின் தரத்துக்கே உச்சவரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கரன்ட் போனால்?

படம் முடிந்ததும் சுவர் ஸ்விட்ச்சை அணைக்காதீர்கள். ரிமோட்டில் ஆஃப் செய்து, ஃபேன் நிற்கும்வரை காத்திருங்கள். திடீர் மின்வெட்டில் ஃபேனும் நின்றுபோவதால், சூடான லேம்ப் ஆற வழியில்லாமல் தவிக்கும். அடிக்கடி கரன்ட் போகும் ஊர் என்றால், புரொஜெக்டரின் வாட்ஸுக்கு ஏற்ற யு.பி.எஸ். நல்ல முதலீடு.

லேம்ப் எப்போதாவது ‘டப்’ என்று வெடித்தால், குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. வாக்குவம் கிளீனர் போடாதீர்கள். தேய்ந்த லேம்ப்பையும் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவுகளை வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

எப்போது விடை கொடுக்கலாம்?

எல்.சி.டி. வகையில் படத்தில் மஞ்சள் அல்லது நீலத் திட்டுகள் நிரந்தரமாகத் தெரிந்தால், உள்ளே உள்ள பேனலோ போலரைசரோ சூட்டில் கெட்டிருக்கலாம். டி.எல்.பி. வகையில் நட்சத்திரங்கள்போல வெள்ளைப் புள்ளிகள் பெருகிக்கொண்டே போனால், சிப்பில் உள்ள நுண்கண்ணாடிகள் செயலிழந்திருக்கும். இரண்டுக்குமே செலவு அதிகம். அப்போது புதுசு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வாங்கும்போது ‘4கே சப்போர்ட்’ என்ற வார்த்தையில் மயங்க வேண்டாம். 4கே சிக்னலை ஏற்கும் என்பதுதான் அதன் பொருள். படம் 720பி-யில் வரலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ன, வெளிச்சம் ஏ.என்.எஸ்.ஐ. அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென்ஸில் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், உங்கள் பழைய மெஷினே அதைவிட நல்ல படம் தரக்கூடும்.

எங்கள் வீட்டில் மொத்தச் செலவு, கறுப்புத் துணிக்கும் ரப்பர் புளோயருக்கும்தான். படம் புதிதில் இருந்த மாதிரி இல்லை. 1,460 மணி நேரம் ஓடிய லேம்ப்பிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால், போன ஞாயிறு பாட்டி டைட்டில் கார்டில் ஓடிய பெயர்களைச் சத்தமாக வாசித்துக்காட்டினார். அப்பா ரிமோட்டை யாரிடமும் கொடுக்கவே இல்லை!