பாய்லர் குடிக்கும் தண்ணீர்

திருப்பூர் சாயப்பட்டறைகளில் பாய்லர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. டியூப் ஒழுகுகிறது என்று போன் வந்தால், சாஃப்ட்னருக்குக் கடைசியாக எப்போது உப்பு விட்டீர்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். பாதிப் பேருக்கு நினைவிருக்காது.

வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்புதான் பாய்லர் டியூப்பிலும் படிகிறது. 10 பார் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 184 டிகிரியில் இருக்கும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும்வரை இரும்புக்குக் கவலையில்லை. இடையில் படிவு வந்துவிட்டால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி, அதை இளக்கிவிடும். விறகுச் செலவு ஏறுவதும் இதனால்தான்.

இதைத் தடுக்கத்தான் சாஃப்ட்னர். அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். சோடியம் தீர்ந்தால் போர் தண்ணீர் அப்படியே பாய்லருக்குப் போகும், பார்த்தால் தெரியாது. உப்புநீர் விட்டால் ரெசினுக்கு மறுபடி உயிர் வரும். ஷிஃப்டுக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பாருங்கள். நீலமாக நின்றால் சரி, சிவந்தால் கடினநீர்.

2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. “ஆர்.ஓ. தண்ணிதானுங்ணா, இதுக்கும் மருந்து ஊத்தோணுமா?” என்று கேட்கிறார்கள். ஊற்றத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, சரி. ஆனால் லேசான அமிலத்தன்மையும் ஆக்சிஜனும் இருக்கின்றன. டியூப்பின் மேல் செம்பழுப்பில் சின்னக் கொப்புளம் தெரியும். கத்திமுனையால் கீறினால் உள்ளே கரும்பொடி, அதற்கும் அடியில் குழி. 3 மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள டியூப் மற்ற இடமெல்லாம் புதிதுபோல இருக்க, அந்த ஒரு புள்ளியில் ஓட்டையாகிவிடும்.

30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 90 டிகிரியில் 2-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே ஃபீட் டேங்கைச் சூடாக வையுங்கள், மிச்சத்தை சோடியம் சல்ஃபைட் பார்த்துக்கொள்ளும். காஸ்டிக் சேர்த்து பாய்லர் தண்ணீரின் பி.எச்.-ஐ 11 வாக்கில் நிறுத்த வேண்டும். சாய மெஷினில் ஆவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பும் கன்டன்சேட்டைப் பிடித்தாலே டேங்க் சூடாகும். காசில்லாத சூடு, அதைப் போய்ச் சாக்கடையில் விடுகிறார்கள்! மெஷினுக்குள் ஆவி ஓடும் காயில் ஓட்டையானால் சாயமும் கூடவே வந்துவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான், அதற்குக் காயிலை மாற்றலாமே.

உப்பேறிய பாய்லர் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியேற்றும் ப்ளோடவுன் என்றாலும் முகம் சுளிப்பார்கள், சூடு வீணாகிறதாம். ஆனால் கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 3500 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் தண்ணீர் நுரைத்து ஆவியோடு கிளம்பும். டியூப் போனால் அசராத முதலாளி, அந்த ஈர ஆவியால் காம்பேக்டிங்கில் பனியன் துணி திட்டுத்திட்டாக வந்தால் ஓடி வருவார்.

இன்னொன்று. வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு மேன்ஹோலைத் திறந்ததுமே பம்ப் வைத்துக் கழுவிவிடுகிறார்கள். கழுவும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். கழுவிய பிறகு என்னைக் கூப்பிட்டால், என்ன படிந்திருந்தது என்று நான் எதைப் பார்த்துச் சொல்ல?