பழம் தின்றவர், இலை ஆராய்ந்தவர், பெயர் பெற்றவர்

திருவனந்தபுரத்தின் ஆரியசாலையிலும் அதை ஒட்டிய சாலைக் கடைத்தெருவிலும் உள்ள அங்காடி மருந்துக் கடைகளில் அமுக்கராக் கிழங்கும் திப்பிலியும் விஷ்ணுகிராந்தியும் கேட்டவுடன் கிடைக்கின்றன. இம்மூன்றின் குணத்தையும் முதலில் கண்டறிந்தவர் யார் என்று வாங்குவோரும் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. அவை நெடுங்காலமாக எல்லோருக்கும் பொதுவான அறிவாகிவிட்டன. ஆனால் இம்மூன்றுடன் நான்காவதாக ஒரு காட்டுச் செடியின் இலையைச் சேர்த்து, இதே மாவட்டத்தில் பாலோட்டில் அமைந்துள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் உருவாக்கிய 'ஜீவனி' என்னும் மருந்து, அந்தக் கேள்வியை உலகின் முன் வைத்தது. அந்த நான்காவது செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலார் அதனை ட்ரைகோபஸ் ஜெய்லானிகஸ் என்பர்.

1987 டிசம்பரில், பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்திய ஆய்வுத் திட்டத்தின் தலைமை ஒருங்கிணைப்பாளராக இருந்த பி. புஷ்பாங்கதனும் அவருடைய குழுவினரும் அகத்தியமலைக் காடுகளில் பயணம் செய்தனர். அவர்களுக்கு வழிகாட்டியவர்கள், கேரளத்தின் தென்கோடியிலும் தமிழகத்தின் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் மலைப்பகுதிகளிலும் வாழும், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு வழங்கும் காணி மக்கள். மலையேற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சிறு பழத்தை அவ்வப்போது தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அப்பழத்தைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் முதலில் சொல்லத் தயங்கினர். அது தம் இனத்தாருக்கு மட்டும் உரிய அறிவு என்பதே தயக்கத்தின் காரணம். அந்த அறிவைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழிக்குப் பிறகே செடியைக் காட்டினர். காட்டியவர்களின் பெயர்கள் பதிவில் உள்ளன: குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி.

இந்த இடத்தில் 'கண்டுபிடிப்பு' என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். நிழலும் ஈரமும் மிகுந்த காட்டுத் தரையில், நிலத்தடித் தண்டிலிருந்து முளைத்து வளரும் இச்சிறு செடி, வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்வைக்குப் பகட்டில்லாத இச்செடியைக் காட்டின் எண்ணற்ற செடிகளிலிருந்து பிரித்தறிந்து, அதன் பழம் களைப்பைப் போக்கும் என்று உணர்ந்து, அவ்வுணர்வைத் தலைமுறைகளாகச் சோதித்துக் காத்தவர்கள் காணிகள். ஆய்வுக்கூடத்தின் பங்கும் சிறிதன்று. காணிகள் பழத்தை உண்டனர். ஆய்வாளர்கள் இலையையும் ஆராய்ந்து, அதில் கிளைக்கோலிப்பிடுகள், அதாவது சர்க்கரையும் கொழுப்பும் இணைந்த சேர்மங்கள் இருப்பதையும், விலங்குச் சோதனைகளில் அவ்விலை அயர்ச்சியைத் தாங்கும் திறனை உயர்த்துவதையும் கல்லீரலைக் காப்பதையும் கண்டனர். ஜீவனியில் சேர்வது பழமன்று, இலையே. ஆகவே இலையின் குணத்தை அறிந்தவர்கள் என்று அறிவியலாளரைச் சொல்வது நேர்மையே. ஆனால் பழத்தைக் காட்டிய கை இல்லாதிருந்தால் அந்த இலையைப் பறித்துப் பார்க்க எவருக்கும் காரணமே இருந்திராது.

தாவரவியலின் ஏடுகளில் இச்செடிக்கு உரியவராகக் குறிக்கப்படுபவர் இவ்விரு தரப்பினருமல்லர். அறிவியற் பெயரை அடுத்து எழுதப்படும் பெயர், ஜெர்மனியரான யோசப் கெர்ட்னருடையது. கனிகளையும் விதைகளையும் பற்றி அவர் எழுதி 1788இல் வெளிவரத் தொடங்கிய பெருநூலில் இச்செடி முறைப்படி விவரிக்கப்பட்டது. 'ஜெய்லானிகஸ்' என்பது இலங்கையைக் குறிக்கும். கெர்ட்னர் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ வந்தவரல்லர், ஐரோப்பாவை வந்தடைந்த மாதிரிகளைக் கொண்டே எழுதினார். தாவரப் பெயரீட்டின் விதிப்படி, லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலை எல்லைக்கோடாகக் கொண்டு, அதற்குப் பின் முதலில் முறையாக அச்சிட்டவருக்கே முன்னுரிமை. பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு இவ்விதி இன்றியமையாதது. அது முதலில் பார்த்தவரையோ முதலில் அறிந்தவரையோ தேடுவதில்லை. முதலில் பதிந்தவரை மட்டுமே தேடுகிறது. இந்த வேறுபாட்டை மறந்து, பதிந்தவரையே கண்டவராகக் கொள்ளும் பழக்கம்தான் தொல்லைக்கு வேர்.

1988இல் புஷ்பாங்கதனும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியப்பச்சையைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அதனை அகத்தியர் மலைக் காணிகளின் 'ஜின்செங்' என்று தலைப்பிலேயே குறித்தது. தலைப்பில் ஓர் இனத்தின் பெயர் இடம்பெற்றது அக்காலத்துக்குப் பெரிய செயலே. எனினும் கட்டுரையாசிரியர் வரிசையில் காணி ஒருவரும் இல்லை.

பெயரில் நேராதது பணத்தில் ஓரளவு நேர்ந்தது. 1995இல் மருந்தைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டபோது, உரிமக் கட்டணம் பத்து லட்சம் ரூபாய் என்றும் விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை என்றும் முடிவாயிற்று. இரண்டிலும் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொள்ள 1997இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவுசெய்யப்பட்டு, 1999இல் பணம் அதன் கைக்கு வந்தது. உயிரினப் பன்மய உடன்படிக்கை 1992இல் அறிவித்த 'பயன் பகிர்வு', அதாவது மரபறிவால் கிடைக்கும் ஆதாயத்தை அவ்வறிவுக்கு உரியவரோடு பங்கிடுதல் என்னும் கொள்கை, எந்தச் சட்டமும் வற்புறுத்தாத நிலையில் நடைமுறைக்கு வந்த முன்னோடி நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. இந்தியாவின் உயிரினப் பன்மயச் சட்டம் 2002இல்தான் இயற்றப்பட்டது. புஷ்பாங்கதனின் குழு செய்தது போற்றத்தக்க செயல், ஐயமில்லை. ஆயினும் பங்கு பெறுவது வேறு, கண்டறிந்தவராக ஏற்கப்படுவது வேறு. பங்கு பெறுபவர் பயனாளி. பயனாளி என்னும் நிலையில் நிறுத்தப்பட்டவரிடம் அடுத்த ஆய்வை எத்திசையில் கொண்டுசெல்லலாம் என்று எவரும் கருத்துக் கேட்பதில்லை.

காணிகள் அனைவரும் ஒரே குரலில் பேசியதாகவும் கொள்ளக்கூடாது. காணிகளுக்குள் நோய் தீர்க்கும் அறிவு பிலாத்திகள் எனப்படும் மருத்துவர்களிடம் மரபாக இருந்துவந்தது. அவர்களில் சிலர், தம் அறிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்படுவதை 1995இலேயே எதிர்த்தனர். வழிகாட்டியாக வந்த இருவர் சொல்லிவிட்டதை இனம் முழுவதும் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர்களுடைய கேள்வி. தனிமனிதர் ஒருவரைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டும் அறிவியல் வழக்கத்துக்கும், அறிவைச் சிலர் பொறுப்பில் பலருக்காகக் காக்கும் மரபுக்கும் இடையிலுள்ள பிளவு இந்தக் கேள்வியில் தெளிவாகத் தெரிகிறது.

சட்டம் இப்பிளவை முழுவதும் அடைக்கவில்லை. இயற்கையில் உள்ளதைக் கண்டறிவது காப்புரிமைக்கு உரிய புத்தாக்கம் ஆகாது என்றும், மரபறிவாகவே உள்ளதும் ஆகாது என்றும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமையை இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்து 1997இல் நீக்கச் செய்தபோது, வெற்றி தந்தவை பழைய நூல்களும் இதழ்க் கட்டுரைகளும். அதன் பின் உருவான மரபறிவு மின்னூலகம், ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களில் எழுதப்பட்டவற்றைத் தொகுத்துக் காக்கிறது. சீனத்தின் தூ யூயூ மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்து 2015இல் நோபல் பரிசு பெற்றபோது, தமக்கு வழிகாட்டியவர் நான்காம் நூற்றாண்டின் கே ஹாங் என்று பெயர் சொல்ல முடிந்தது. கே ஹாங் எழுதி வைத்திருந்தார். காணிகள் எழுதி வைக்கவில்லை. எழுத்தைச் சான்றாகக் கேட்கும் உலகில், சொல்லால் மட்டும் காக்கப்பட்ட அறிவு ஒருமுறை வெளியே சொல்லப்பட்டதும் உரியவரின் பிடியிலிருந்து நழுவிவிடுகிறது.

தமிழ் மருத்துவ மரபிலும் எழுதியவரின் பெயர் எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. அதே மலைக்குப் பெயர் தந்த அகத்தியரின் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் பல்வேறு காலங்களில் பலர் கையால் ஆனவை. எழுதியவர்கள் தம் பெயரை விட்டுக்கொடுத்து அகத்தியர் பெயரை ஏற்றனர். அது அவர்கள் தாமே விரும்பிச் செய்தது. காணிகளின் பெயர் விடுபட்டது அவ்வாறானதன்று.

பெயரைச் சேர்ப்பது இயலாத செயலன்று என்பதற்குக் கேரளத்திலேயே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்று உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநரான ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் தாவர நூலின் முதல் தொகுதியில், சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், தம் குடும்பத்து ஓலைச்சுவடியிலிருந்தும் தம் பயிற்சியிலிருந்தும் செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னதாகத் தம் எழுத்திலேயே தந்த உறுதிமொழி அச்சிடப்பட்டுள்ளது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரின் சான்றும் அவ்வாறே அச்சேறியது. பின்னாளில் ஒரு தாவரப் பேரினமே அச்சுதனின் பெயரால் 'அச்சுடேமியா' என்று அழைக்கப்பட்டது. வான் ரீட் ஒரு வணிகக் குழுமத்தின் அதிகாரி. தாம் அறிந்தது யாரிடமிருந்து என்று சொல்வதால் தம் நூலின் மதிப்பு குறையும் என்று அவர் அஞ்சவில்லை. அந்நூலைக் கே. எஸ். மணிலால் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர, கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் இதே திருவனந்தபுரத்திலிருந்து வெளியிட்டது.

பழங்குடியினரின் தாவர அறிவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில், செடியைக் காட்டியவர்கள் பெரும்பாலும் 'தகவலாளர்' என்ற பொதுச்சொல்லுக்குள் அடக்கப்படுகிறார்கள். அகத்தியமலையிலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் இன்று களப்பணி செய்யும் இளம் ஆய்வாளர்கள், சொன்னவரின் சம்மதத்தைப் பெற்று, அவருடைய பெயரைக் கட்டுரையாசிரியர் வரிசையிலேயே சேர்க்கவேண்டும். அவருடைய இனத்தின் மருத்துவர்களைக் கேட்ட பிறகே அச்சுக்கு அனுப்பவேண்டும். அவ்வாறு அனுப்பப்படும் கட்டுரைகளை ஏற்க இதழ்கள் தயங்கக்கூடாது.