காமா வேஷம் கட்டிய பெண்மணி

கள்ளிக்கோட்டை சாமூதிரி மன்னரின் சபையில் நின்ற வாஸ்கோடகாமாவின் வேஷத்தை ஒரு ஸ்திரீ கட்டினால் எப்படி இருக்கும்? அரிதாரம் பூசிப் புடைவை உடுத்த ஆடவர் ஒருவர், விடிய விடியத் திரௌபதியாக நின்று கண்ணீர் பெருகச் செய்வதைக் கண்ணமங்கலம் பக்கத்துக் கூத்துக்களங்களில் பார்த்துப் பழகிய நமக்கு, இது விபரீதமாகத் தோன்றாது.

காமா கடல் கடந்து வந்து நானூறு ஆண்டுகள் நிறைந்த 1898-இல், போர்ச்சுகல் ஓவியர் வெலோசோ சல்காடோ பெருமிதத்தோடு தீட்டிய அந்தச் சபைக் காட்சியை, சிற்பக்கலை பயின்றவரான பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, அரங்கமும் ஆடை அணிகளும் அமைத்து, தாமே காமாவாக நின்று புகைப்படமாக்கி, 2014-இல் கொச்சி கலைவிழாவில் காட்சிக்கு வைத்தார். அந்நியர் கற்பனை செய்த நம் சரித்திரத்தை நம் தேசத்துப் பெண்ணொருத்தி நடித்துக் காட்டும்போதல்லவா, அந்த ஓவியமே ஒரு நாடகம் என்பது புலனாகிறது!