உங்களுக்குத் தெரியுமா? 2147483647 என்ற அபூர்வ எண்

★ சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். 31 கட்டங்களில் சேரும் மணிகள் சரியாக 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டின் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தாலும் இதே எண்தான். இரும முறையில் எழுதினால் ஒரு பூஜ்யம்கூட இருக்காது; 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும்.

★ இது ஒரு பகா எண். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களை, 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயரால் ‘மெர்சென் பகா எண்கள்’ என்பார்கள். அந்த வரிசையில் இதற்கு எட்டாவது இடம். அடுக்கில் உள்ள 31-உம் மெர்சென் பகா எண்ணே. இப்படி அமைந்த எண்கள் இதுவரை நான்குதான் தெரியும்.

★ இதைப் பகா எண் என்று நிறுவியவர் லியோன்ஹார்டு ஆய்லர். அந்த முடிவு 1772-இல் வெளியானது. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. நேர்வழியில் சோதிக்க, 46340 வரையுள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் குறுக்குவழி கண்டார்: இதற்கு ஒரு பகா வகுத்தி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63-தான் வரும். எனவே 3, 5, 7, 11 எதையும் தொடவே வேண்டாம். சோதிக்க வேண்டிய முதல் பகா எண்ணே 311, அடுத்தது 1303! அதிகம் போனால் 372 வகுத்தல்களில் வேலை முடிந்துவிடும்.

★ 6-இன் வகுத்திகள், 6-ஐத் தவிர, 1, 2, 3. கூட்டினால் அதே 6. இப்படிப்பட்டவை நிறைவெண்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும். நம் எண் தருவது 19 இலக்கம் கொண்ட 2305843008139952128.

★ இந்த 19 இலக்க எண்ணைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப்போவதில்லை, அவை வெறும் விந்தைகள், பயனற்றவை என்று ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். 1876-இல் பிரான்ஸின் எதுவார் லூக்கா 39 இலக்க மெர்சென் பகா எண்ணைக் கண்டுபிடித்தார்; அதனுடன் இன்னும் பெரிய நிறைவெண்ணும் கிடைத்தது. 2024-இல் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேல்!

★ குறி (+/−) சேர்த்து 32 பிட்டில் (இரும இலக்கங்களில்) கணினி எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் நம் 2147483647-தான். ஒரு பிட் குறிக்குப் போக, மீதி 31 பிட்டிலும் ஒன்று. 2014-இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்டியபோது, யூடியூப் 64 பிட் கணக்குக்கு மாறியிருந்தது. அதன் உச்ச எண் 9223372036854775807 பகா எண் அல்ல, 7-ஆல் வகுபடும்.

★ பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. 32 பிட்டில் எண்ணுபவை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8.44.07-க்கு நம் எண்ணைத் தொடும். அடுத்த விநாடியே கணக்கு எதிர்மறையாகப் புரண்டு, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். அதற்கு முன்பே பழைய மென்பொருள்களை 64 பிட்டுக்கு மாற்றும் வேலை உலகெங்கும் நடக்கிறது. ஓர் எண்ணுக்கு எவ்வளவு பெரிய மரியாதை!