மனச்சிதைவு நோயும் மூளையின் ஆக்ஸிஜன் சுமையும்

மனித உடலின் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு சக்தியை உண்டாக்கும்போது, உயிரணுக்களின் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கக்கூடிய மூலக்கூறுகளும் உருவாகின்றன. அவற்றைச் செயலிழக்கச் செய்யும் தடுப்புப் பொருட்கள் போதாமல் போகும் நிலையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது.

உலகெங்கும் இரண்டு கோடிக்கும் அதிகமானோரைப் பாதித்துள்ள ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய்க்கு இதில் பங்கு உண்டா என்பது நீண்டகாலமாக ஆராயப்பட்டு வருகிறது.

1950-களில் கனடாவில் ஏப்ரம் ஹோஃபர், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் ஆகிய மனநல மருத்துவர்கள், அட்ரினலின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து உருவாகும் ஒரு பொருளே நோய்க்குக் காரணம் என்று கருதினர். நோயாளிகளுக்கு அவர்கள் பெருமளவு வைட்டமின்களைக் கொடுத்தனர். பின்னர் மற்றவர்கள் நடத்திய சோதனைகள் அதன் பலனை உறுதிப்படுத்தவில்லை. வைட்டமின் மாத்திரைகளால் இந்நோய் குணமாகும் என்ற நம்பிக்கை மட்டும் இன்றும் சில குடும்பங்களில் நீடிக்கிறது.

இத்துறையில் உறுதியான தடயம் ஒன்று 2000-ம் ஆண்டில் கிடைத்தது. மூளையின் முக்கியத் தடுப்புப் பொருளான குளூட்டாதயோன், நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் 27 சதவீதமும், மூளையின் முன்பகுதியில் ஏறக்குறைய பாதியும் குறைந்திருந்ததாக சுவிட்சர்லாந்து ஆய்வாளர் கிம் டோவும் அவரது சகாக்களும் தெரிவித்தனர். பின்னர் வந்த ஆய்வுகளில் குறைவு இந்த அளவுக்குப் பெரிதாக இல்லை, சிலவற்றில் தென்படவுமில்லை.

இடைவிடாது, அதிவேகமாகச் செயல்படும் சில நரம்பணுக்களுக்கு சக்தித் தேவை மிக அதிகம். பாதுகாப்பு குறைந்தால் முதலில் பாதிக்கப்படுபவை இவையே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மூளையின் பல பகுதிகளை ஒத்திசைவாக இயங்கச் செய்வது இவற்றின் பணி என்பதால், சிந்தனை ஒழுங்கு குலைவதை இது ஓரளவு விளக்கக்கூடும்.

ஆனால் இது காரணமா, விளைவா? இந்நோயாளிகளில் புகைபிடிப்போர் அதிகம். புகையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும். எனினும், நோய் புதிதாகத் தொடங்கி, மருந்து எதுவும் உட்கொள்ளாதவர்களிடமும் இதன் அறிகுறிகள் காணப்பட்டுள்ளன.

பாராசிட்டமால் நஞ்சுக்கு முறிமருந்தாகப் பயன்படும் என்-அசிட்டைல்சிஸ்டீன், உடலில் குளூட்டாதயோன் உருவாக உதவுகிறது. 2008-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் பெர்க் தலைமையிலான குழு, வழக்கமான மருந்துகளுடன் சேர்த்து இதை 140 பேரிடம் பரிசோதித்தபோது, ஆறு மாதங்களில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. 2018-ல் வெளியான மற்றொரு ஆய்வில், மூளையில் குளூட்டாதயோன் 20 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. தகவல்களைக் கிரகிக்கும் வேகமும் கூடியது. ஆனால், சோதனையின் முக்கிய இலக்காக இருந்த ஆர்வமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற அறிகுறிகள் குறையவில்லை. குளோசபின் மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிகளிடம் ஓராண்டு நடத்தப்பட்டு, 2022-ல் வெளியான ஆய்விலும் பலன் இல்லை.

குறைவது இப்பொருள் என்று கண்டறிந்து, அதை ஈடுசெய்தபின்னும் நோய் விலகாதது ஆய்வாளர்களைச் சிந்திக்க வைத்துள்ளது. இக்குறைபாடு நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மட்டுமே உரியது என்பதும், பாதிப்பு வளரிளம் பருவத்திலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது என்பதும் அவர்கள் முன்வைக்கும் விளக்கங்கள். இந்த மாத்திரை பல நாடுகளில் மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கிறது. ஆனால் மனச்சிதைவுக்கான மருந்துகளை நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம் என்று மேற்கண்ட ஆய்வுகளில் எதுவும் கூறவில்லை.