பல்லைக் காட்ட மறுக்கும் பிள்ளைகள்: வலியைக் குறைக்கும் வழிகள்

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே வைத்தியரிடம் ஓடும் வழக்கம் உண்டு. பல்லுக்கு மட்டும் அந்த அவசரம் காட்டப்படுவதில்லை. பாற்பல்தானே விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறோம். முளைத்த பல்லும் நொந்தால், இரவில் ஒரு கராம்பை வைத்துச் சமாளிக்கிறோம். ஈற்றில், பொறுக்க முடியாத வலியுடன் பிள்ளை பல் வைத்தியரின் கதிரையில் ஏற்றப்படுகிறது. அங்கே அது கத்துகிறது. வாயைத் திறக்க மறுக்கிறது. "செல்லம் கூடிவிட்டது" என்று நாம் அதனைக் கடிந்துகொள்கிறோம்.

அவ்வாறு கத்தும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வலி மெய்யாகவே மற்றப் பிள்ளைகளிலும் பார்க்க அதிகம். அவர்களுடைய பல்லின் மேலுறை பிறவியிலேயே பலவீனமாக அமைந்திருப்பதே அதற்குக் காரணம். ஒரேத்தோப் பகுதியிலும் அதனை அண்டியும் வாழும் எமது பெற்றோர் இதனை அறிந்திருப்பார்களாயின், பிள்ளைகள் படும் வேதனையில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

கனிமம் குறைந்த மிளிரி

பல்லின் வெளிப்புற உறையை எனாமல் என்பர். எமது பாடநூல்கள் அதனை மிளிரி என்றன. எடையில் ஏறத்தாழ 96 வீதம் கனிமப் பொருளாலான இவ்வுறையே மனித உடலின் மிகக் கடினமான பகுதியாகும். ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களின் மிளிரி, பிள்ளை பிறக்கும் காலத்திலிருந்து மூன்று வயது வரையில் உருவாகிறது. அக்காலத்தில் அதன் வளர்ச்சி குழம்பினால், உறை போதிய கனிமமின்றிச் சுண்ணக்கட்டி போன்று நுண்துளைகளுடன் அமைந்துவிடுகிறது. முன்பற்களும் சேர்ந்து பாதிக்கப்படுவதுண்டு.

இந்நிலைக்கு 2001 ஆம் ஆண்டில் மருத்துவ உலகம் தனியொரு பெயர் வழங்கியது. இத்தாலிய வைத்தியர்கள் அதனை "எம்மே ஈ ஆக்கா" என்ற மூன்றெழுத்தால் அழைக்கின்றனர். உலகளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய பதின்மூன்று அல்லது பதினான்கு பேருக்கு இக்குறை இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்புகள் மதிப்பிடுகின்றன. பேற்றுக்காலச் சிக்கல்கள், முதல் மூன்று வயதில் வந்த கடும் நோய்கள், பரம்பரை ஆகியன இதனுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. தாயின் கவலையீனத்தால் வருவதன்று. எனவே எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

அடையாளங்கள்

ஓகஸ்ட் மாத வெயிலில் மற்றப் பிள்ளைகள் ஜெலாத்தோவுக்கும் கிரானீத்தாவுக்கும் ஓடும்போது உங்கள் பிள்ளை பின்வாங்குகிறதா? ஒரு பக்கத்தால் மட்டுமே சப்புகிறதா? பல் துலக்கும்போது பின்பற்களைத் தொடவிடாமல் அழுகிறதா? முளைத்துச் சில மாதங்களேயான கடைவாய்ப் பல்லில் விளிம்பு தெளிவான வெள்ளை, மஞ்சள் அல்லது மண்ணிறத் திட்டுகள் உள்ளனவா? இவற்றில் ஏதேனும் இருப்பின் காத்திருக்கக் கூடாது. கடைசிப் பாற்பல்லில் இத்தகைய திட்டு இருப்பின், பின்னர் வரும் நிரந்தரப் பல்லையும் கவனிக்க வேண்டும்.

ஊரில் வவுனியா, அனுராதபுரம் மாவட்டங்களில் புளோரைட்டு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தோரின் பற்களில் மண்ணிறக் கறைகளை நாம் கண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதனை மீறிய நீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடிப்பதாலேயே அக்கறை ஏற்படுகிறது. அது பெரும்பாலும் எல்லாப் பற்களிலும் இரு பக்கமும் ஒத்தவாறு பரவியிருக்கும். இங்கு நாம் கூறும் குறையோ ஒரு சில பற்களில் தனித்த திட்டாகத் தோன்றும். இரண்டையும் ஒன்றெனக் கருதிப் புளோரைட்டு இல்லாத பற்பசையைத் தேடி வாங்கும் பெற்றோர், பலவீனமான பல்லுக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பையும் இல்லாமற் செய்துவிடுகின்றனர்.

ஊசி போட்டும் நோவது ஏன்?

நுண்துளைகள் வழியே குளிரும் கிருமிகளும் உள்ளே புகுவதால், பல்லின் நரம்பு எந்நேரமும் சற்று அழற்சியுற்ற நிலையில் இருக்கிறது. அழற்சியுற்ற நரம்பு விறைப்பு ஊசிக்கு இலகுவில் அடங்குவதில்லை. இதனை அறியாமல் சிகிச்சை தொடரும்போது பிள்ளை துடிக்கிறது. மேலும், பலவீனமான உறையில் அடைப்பும் நிலைப்பதில்லை. மீண்டும் மீண்டும் அதே கதிரைக்குச் செல்ல நேரிடுகிறது. சுவீடனில் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடையே நடத்தி 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், இக்குறை கடுமையாக உள்ளோர் மற்றவர்களிலும் பார்க்க ஏறக்குறைய பத்து மடங்கு தடவைகள் முதற்கடைவாய்ப் பற்களுக்குச் சிகிச்சை பெற்றிருந்தமை தெரியவந்தது. பல் வைத்தியரைக் கண்டு அஞ்சும் சுபாவமும் அவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே முதற் சிகிச்சை வலியின்றி அமைவது எல்லாவற்றிலும் முக்கியமானது.

வீட்டில் செய்யவேண்டியவை

மென்மையான பிறஷ்ஷும் இளஞ்சூட்டு நீரும் கூச்சத்தைக் குறைக்கும். புளோரைட்டுப் பற்பசையை நாளுக்கு இரு தடவை பயன்படுத்த வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதுமானது. ஏழெட்டு வயது வரை பெற்றோரே துலக்கிவிடுதல் நன்று. சீனி போட்ட தேநீர், பழச்சாறு, இனிப்பு ஆகியவற்றை உணவு வேளையுடன் மட்டுப்படுத்த வேண்டும். முரசில் கராம்பெண்ணெயையோ அஸ்பிரின் குளிகையையோ வைத்தால் அவ்விடம் வெந்து புண்ணாகும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்தானது.

வைத்தியர் செய்யக்கூடியவை

முதலாவதாக, துளையிடும் முன்னரே கூச்சத்தை அடக்கலாம். செறிவான புளோரைட்டுப் பூச்சை மாதக்கணக்கில் இடைவிட்டுப் பூசுவதும், பால் புரதத்திலிருந்து பெறப்படும் கல்சியம்-பொசுபேற்றுப் பசையைத் தடவுவதும் இதற்கான வழிகளாகும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இப்பசை ஆகாது என்பதை மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவதாக, சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பாகப் பரசிற்றமோலோ இபுபுரோபெனோ கொடுத்தால் விறைப்பு ஊசி நன்கு வேலை செய்ய உதவும் என்று வைத்தியர் கருதலாம். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. ஆஸ்துமா போன்ற நோய்கள் இருப்பின் மருந்து மாறும். ஆகையால் இதனைப் பிள்ளை வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும். ஊசி குத்துமுன் முரசில் விறைப்புக் களிம்பு பூசுவதும் உண்டு.

மூன்றாவதாக, காற்றைப் பீச்சி உலர்த்துவதற்குப் பதிலாகப் பஞ்சினால் ஒற்றியெடுக்குமாறு கேட்கலாம். அச்சம் மிகுந்த பிள்ளைக்குச் சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைதரசு ஒட்சைட்டு கொடுக்கப்படுகிறது; பிள்ளை விழித்திருந்தாலும் பதற்றம் தணிந்துவிடும்.

நான்காவதாக, உடைந்துவரும் கடைவாய்ப் பல்லை ஆயத்த உலோக மூடியால் மூடலாம். பாற்பல்லைத் துளையிடாமலும் ஊசி போடாமலும் இவ்வாறு மூடும் முறையை ஸ்கொட்லாந்தின் பல் வைத்தியர் நோர்னா ஹோல் கையாண்டார். 2006 இல் அதன் பலன்கள் வெளியிடப்பட்டபின் அது பல நாடுகளிலும் பரவியது. நிரந்தரப் பல் காப்பாற்ற முடியாதபடி சிதைந்திருப்பின், எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட வயதில் தக்க தருணம் பார்த்து அகற்றினால் பின்னால் வரும் பல் முன்னகர்ந்து அவ்விடத்தை நிரப்பக்கூடும். காலங் கடந்தால் அவ்வாய்ப்புக் குறைந்துவிடும்.

இங்கே எவரை நாடுவது?

இத்தாலியில் பதினான்கு வயது வரையான பிள்ளைகளின் பற்சுகாதாரம், 2017 ஆம் ஆண்டு அரசாணையின்படி, தேசிய சுகாதாரச் சேவையின் அடிப்படைக் கடமைகளுள் அடங்கும். வதிவிடப் பத்திரம் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளும் பிள்ளை வைத்தியரிடம் பதிவு செய்யும் உரிமை உடையவர்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடும்ப ஆண்டு வருமானம் 36,151.98 யூரோவைத் தாண்டாவிடில், தீக்கெத் என்னும் கட்டணத்திலிருந்து விலக்குண்டு. ஏனைய விலக்குகளை ஆஸ்ப் அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். எனவே பணத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. முதலில் பிள்ளை வைத்தியரிடம் பல்லைக் காட்டுங்கள். ஒரேத்தோத் தெருவுக்கு அண்மையில், வெஸ்ப்ரோத் தெருவில், பொலிகிளினிக்கோ என நாம் அழைக்கும் பாவுலோ ஜாக்கோனே பல்கலைக்கழக மருத்துவமனை அமைந்துள்ளது.

மொழி தடையாகாதிருக்கச் சில வசனங்களை எழுதி வைத்திருங்கள். "மியா ஃபிலியா ஆ தொலோரே ஆய் மொலாரி கொன் இல் ஃப்ரெத்தோ" என்றால், குளிர் பட்டால் என் மகளுக்குக் கடைவாய்ப் பல் நோகிறது என்று பொருள். மகனாயின் "மியோ ஃபிலியோ" என்று தொடங்க வேண்டும். "ப்ரீமா லனெஸ்தெசீயா, பெர் ஃபவோரே" என்பது, தயவுசெய்து முதலில் விறைப்பு மருந்து என்பதாகும். பத்து வயது அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தவிர்த்து, வளர்ந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் மெதியாத்தோரே எனப்படும் மொழி உதவியாளர் உண்டா என்றும் கேளுங்கள்.

பெற்றோரின் வாய்ச்சொல்

"குழப்படி செய்தால் ஊசி போடுவார்" என்று மிரட்டி வளர்த்த பிள்ளையை, ஒருநாள் அதே வைத்தியரிடம் கொண்டுபோய் வாயைத் திற என்று சொல்வது எவ்வாறு பலிக்கும்? "ஒன்றும் நோகாது" என்ற பொய்யும் ஒரு தடவைதான் செல்லும். சிறிது நோகலாம், நொந்தால் இடக் கையை உயர்த்து, வைத்தியர் நிறுத்துவார் என்று கூறி, அந்த ஏற்பாட்டை வைத்தியரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். கை உயர்ந்ததும் அவர் நிறுத்துவதைக் காணும் பிள்ளை அடுத்த தடவை வர மறுக்காது.

எம்மவரிற் பலர் வீட்டுவேலைக்கும் கடைவேலைக்கும் செல்வோர். அரைநாள் விடுப்புக் கேட்பதன் சிரமத்தை நாம் அறிவோம். ஆனால் ஆறு வயதில் முளைக்கும் அந்தப் பல் ஆயுள் முழுவதற்கும் உரியது. எலெமெந்தாரே முதலாம் வகுப்பில் உங்கள் பிள்ளை சேர்ந்த ஆண்டிலேயே, வலி எதுவும் இல்லாவிடினும், பின்பற்களை ஒரு தடவை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.