மனிதன் என்னும் விசித்திர விலங்கு – 14: உப்பை மீட்கும் குழாய்
சென்ற வாரம் இரண்டு காலில் நிமிர்ந்தோம். இந்த வாரம் உடல் ரோமம் ஏன் குறைந்தது என்று சொல்வதாகப் பேச்சு. வியர்வை குறுக்கிட்டுவிட்டதால் ரோமம் அடுத்த வாரத்துக்குப் போகிறது.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். சித்திரை வெயிலில், பாத்திகளில் விளைந்த உப்பைத் தொழிலாளர்கள் பலகையால் இழுத்து வாரிக் கரையேற்றுகிறார்கள். மேலிருந்து வெயில், கீழிருந்து வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். இந்தச் சூட்டில் மணிக்கணக்காக உழைக்க முடிகிற விலங்குகள் மிகக் குறைவு. நாய்க்கு இளைக்கும், எருமை குட்டையைத் தேடும். நமக்கோ தோலெங்கும் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகிறது. குதிரைக்கும் வியர்க்குமே என்று கேட்கலாம். அது மயிர்க்காலை ஒட்டிய வேறுவகைச் சுரப்பி. சிம்பன்சிக்கு நம் வகையே உடல் முழுக்க உண்டு. ஆனால் நம் தோலில் அதன் அடர்த்தி ஏறக்குறைய பத்து மடங்கு. என்கிரெய்ல்டு-1 என்ற மரபணுவை முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டு ஒன்று மனித வம்சத்தில் மாறியதே இதற்கு ஒரு காரணம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் யானா காம்பரோவ் குழு 2021இல் காட்டியது.

இத்தனை வியர்வை போனால் உடலின் உப்பும் போய்விடாதா? இங்கேதான் அந்த அற்புதம் இருக்கிறது. சுரப்பியின் அடியில் ஊறும் நீரில், இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருக்கும் அளவுக்கு உப்பு உண்டு. தோலுக்கு ஏறும் மெல்லிய குழாயின் சுவர், போகிற வழியிலேயே அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு வாரம் வெயிலில் உழைத்துப் பழகியவரின் வியர்வையில் உப்பு இன்னும் குறைகிறது. இந்தக் குழாயின் அருமை, அது வேலை செய்யாத குழந்தைகளால்தான் தெரியவந்தது. 1948இல் நியூயார்க்கை வெப்ப அலை தாக்கியபோது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயுள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட எளிதில் துவண்டார்கள். அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் பால் டி சான்ட்அக்னேஸ் கண்டார். குளோரைடு அந்தக் குழாய்ச் சுவரைக் கடக்க முடியாததே காரணம் என்று 1983இல் பால் குவின்டன் நிறுவினார். அந்த நோயைக் கண்டறிய இன்றும் வியர்வையின் உப்பைத்தான் அளக்கிறார்கள்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும் உப்பளத் தொழிலாளிக்கு நோய் ஏன் வருகிறது? குழாய் உப்பை மீட்கும், நீரை மீட்காது. கடலோரப் புழுக்கத்தில் ஆவியாகாமல் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரை ஆராய்ந்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார், சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நிழல், குடிநீர், கழிப்பறை மூன்றும் பாத்தியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தாக வேண்டும்.